பாறையைத் தொடாத பாறைக்காரர்கள்

கடலோரப் பாறை ஒன்றில் சிப்பிகள் கொத்தாக வாழ்ந்தன. சிப்பிக்குக் கை இல்லை. நாக்குப் போன்ற ஒன்றை நீட்டி, நூல் விட்டு, எதையாவது பற்றிக்கொண்டால்தான் பிழைப்பு. பிடி விட்டால் அலை கரையில் தூக்கி எறியும். அப்புறம் வெயிலும் காகமும்தான்!

அந்தக் கொத்தில் பாறையைப் பிடித்திருந்தவை அடியில் கிடந்த நாலைந்து முதிய சிப்பிகள் மட்டுமே. மற்றவையெல்லாம் அவற்றின் முதுகைப் பிடித்துத் தொங்கின. ஆனாலும், "நாங்கள் பரம்பரைப் பாறைக்காரர்கள்!" என்று பெருமை வேறு!

இளைய பச்சைச் சிப்பியும் அடியில் இருந்த தன் அம்மாவின் முதுகைத்தான் பிடித்திருந்தாள். ஒருநாள் சின்ன அலை ஒன்றுக்கே அவள் ஊசலாடினாள். "பாறைமேல் இருக்கிறோம் என்கிறார்கள். நான் இதுவரை பாறையைத் தொட்டதே இல்லையே!"

அன்றே நூல்களை அறுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்தாள்.

கொத்தின் பெரிய தலை, அவளுடைய பெரியப்பா, சத்தம் போட்டார்.

"ஏட்டி, எங்க போற?"

"பாறைக்கு, பெரியப்பா!"

"நாமதான் பாறையில இருக்கோமே!"

"நீங்க இருக்கிறது எங்க அம்மா முதுகுல!"

கொத்தே சிரித்தது. "மகாராணிக்கு நம்ம முதுகு ஆகாதாம்! நாளைக்கு நல்லது கெட்டதுன்னா உனக்கு யாரு வருவா?"

"சிரிங்க! நல்லாச் சிரிங்க! நான் பாறையைத் தொடாம விட மாட்டேன்!"

பாறையில் வழவழவென்று பாசி. முதல் நூல் பாசியோடு பிய்ந்து வந்தது. அவள் பாசியைத் தள்ளினாள். "ஆண்டவரே, என்னைப் பிடித்துக்கொள்ளும்" என்று சொல்லி ஒரு நூல் விட்டாள். மறுநாளும் ஒரு ஜெபம், ஒரு நூல். கொத்தில் பாட்டும் கூத்துமாக இருந்த நாளிலும் அவள் நிறுத்தவில்லை.

ஐப்பசியில் புயல் வந்தது. மலை மலையாக அலை!

"போதுமா? விடுறியா?" என்று அலை உறுமியது.

"விட மாட்டேன்! தெம்பிருந்தா பாறையைப் பிடுங்கிப் பாரு!"

அடியில் இருந்த முதிய சிப்பிகள் அசையவில்லை. ஆனால் அவற்றின் முதுகில் தொங்கிய கூட்டம் கொத்தோடு பிய்ந்துபோனது. உருண்டு வந்த பெரியப்பா எப்படியோ பச்சைச் சிப்பியின் ஓட்டில் ஒரு நூலை ஒட்டிவிட்டார்.

"தங்கமே, இனி நீதான் எனக்குப் பாறை!"

"நான் பாறை இல்லை, பெரியப்பா! பாறை உங்க பக்கத்துலயே இருக்கு. நாக்கை நீட்டுங்க! அதைப் பிடிங்க!"

பெரியப்பா வெட்கத்தை விட்டார். தம் வாழ்நாளில் முதல்முறையாகப் பாறையைத் தொட்டு, "ஆண்டவரே!" என்று அலறி ஒரு நூல் விட்டார். அடுத்த அலை அறைந்தது. பச்சைச் சிப்பியின் மேலிருந்த நூல் பட்டென்று அறுந்தது. பாறையில் விட்ட நூல் நின்றது!

பெற்றவர்களின் விசுவாசம் நமக்கு வழி காட்டும், ஆனால் புயலில் நம்மைத் தாங்காது. கிறிஸ்து என்னும் கன்மலையை அவரவரே தம் ஜெபத்தால் பற்றிக்கொள்ள வேண்டும்.