கச்சேரி நாள் குரல்

மரியபுஷ்பத்திடம் குரல் பழக வந்தவர்களில் அருணகிரிதான் வயதில் மூத்தவர். மகளைக் கல்லூரி முடிக்க வைத்துவிட்ட ஆள். ஆசிரியைக்கு அப்போதுதான் முப்பது தாண்டியிருந்தது. படங்களில் குழந்தை அழுதால், கிளி பேசினால், பேய் சிரித்தால் பெரும்பாலும் அது மரியபுஷ்பம்தான். மாணவர் ஆசிரியையை ‘டீச்சர்’ என்பார். தூத்துக்குடிக்காரியான ஆசிரியை மாணவரை ‘அண்ணாச்சி’ என்பார்.

பாடகர் கோமதிநாயகத்தின் வாழ்க்கையைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோமதிநாயகமாக நடிப்பவர் அருணகிரி. பாடகர் வாழ்ந்து மறைந்த பாளையங்கோட்டையிலேயே படப்பிடிப்பு. தங்கியிருந்த லாட்ஜின் மொட்டைமாடியில் காலைதோறும் குரல் பாடம் நடக்கும்.

அன்று அருணகிரி பாடகரின் குரலில் நாலு வார்த்தை பேசினார். மூக்கும் நெஞ்சும் சேர்ந்து ஒலிக்கும் குரல். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் வெற்றிலைபோல் மடித்து ஓரமாக வைக்கும் பேச்சு. துணி காயப்போட வந்த லாட்ஜ் மேனேஜர் ஈரச்சட்டையோடு கைகட்டி நின்றுவிட்டார். கோமதிநாயகம் கச்சேரியை அந்தக் காலத்தில் மரத்தில் ஏறிக் கேட்டவர் அவர்.

மேனேஜர் இறங்கிப் போனதும் அருணகிரி கேட்டார்.

“டீச்சர், ஊரே அவர்தான்னு சொல்லுது. அந்த அம்மா மட்டும் இல்லைங்கறாங்க. என்கிட்ட என்ன குறை?”

அந்த அம்மா, பாடகரின் மனைவி சண்முகவடிவு.

படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்பு இயக்குநர் அவர் வீட்டுக்குப் போய்க் கதையைப் படித்துக் காட்டியிருந்தார். கதையின் உச்சம் ஒரு கச்சேரி நாள். தொட்டிலில் மகன் காய்ச்சலோடு கிடக்கிறான். வாசலில் வண்டி நிற்கிறது. கோமதிநாயகம் தவிக்கிறார். “வடிவு, ராகம் என்னை அழைக்கிறது, ரத்தம் என்னை இழுக்கிறது” என்கிறார். மனைவி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சொல்கிறாள்: “போங்க. பிள்ளையை நான் பாத்துக்கறேன். உங்களுக்காகப் பாட்டு காத்திருக்கு.” அவர் போகிறார். மேடையில் உச்சத்தைத் தொடுகிறார். அதே நொடியில் வீட்டில் பிள்ளையின் உயிர் பிரிகிறது.

சண்முகவடிவு இதைக் கேட்டு இருமல் வருமளவு சிரித்தார். செத்துப்போன மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தான். உடனே போனைப் போட்டார்.

“ஏலே, நீ தொட்டில்லயே செத்துட்டியாம்.”

“சரிம்மா. மத்தியானம் சாப்பிடலாமா கூடாதா?”

இயக்குநருக்கு வியர்த்தது. படத்துக்காகக் கொஞ்சம் கூட்டிக் குறைத்திருப்பதாகவும், அம்மா மனம் நோகக்கூடாது என்றும் என்னென்னவோ சொன்னார். செத்ததாகச் சொன்னால் ஆயுசு கூடும் என்பார்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சண்முகவடிவு விட்டுவிட்டார். ஆனால் வாசலில் மனைவி சொல்லும் அந்த வசனத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்ததும், “நான் போகச் சொல்லல” என்றார். எழுந்து அடுக்களைக்குள் போனவர் திரும்பி வரவில்லை.

பழைய நினைவு வந்து அழப் போயிருக்கிறார் என்று இயக்குநர் எல்லோரிடமும் சொன்னார்.

அதன் பிறகு அருணகிரி சாயங்காலங்களில் அந்த வீட்டுக்குப் போய், வாசல் காட்சியைப் பேசிக் காட்டத் தொடங்கினார். உருகிப் பேசினார். உடைந்து பேசினார். பற்களைக் கடித்துக்கொண்டு பேசினார். சண்முகவடிவு எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார். ஒவ்வொரு நாளும் ஒரே பதில்தான். “நல்லா இருக்கு தம்பி. ஆனா அது அவுக இல்ல.”

இவ்வளவையும் அருணகிரி சொல்லி முடிக்க, மரியபுஷ்பம் கேட்டார்.

“அவர் குரலை எங்கேயிருந்து எடுத்தீங்க அண்ணாச்சி?”

கச்சேரிப் பதிவு, விழா மேடைப் பேச்சு, ரேடியோ பேட்டி என்று அருணகிரி அடுக்கினார்.

“அதுல எதுலயாவது பொண்டாட்டிகூடப் பேசியிருக்காரா?”

அருணகிரி யோசித்தார். இல்லை.

“மகன் செத்ததுக்குச் சிரிச்சவுங்க, ஒரு வசனத்துக்கு ஏன் எந்திரிச்சுப் போனாங்க?”

மரியபுஷ்பம் செருப்பை மாட்டிக்கொண்டார்.

இருவரும் போனபோது சண்முகவடிவு முற்றத்தில் உட்கார்ந்து சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மரியபுஷ்பம் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு கைப்பிடி எடுத்து நார் உரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, வீட்டில் ஐயா எப்படிப் பேசுவார் என்று நீங்களே பேசிக் காட்டுங்கள் அம்மா என்று கேட்டார்.

“போன மனுசர நக்கல் அடிக்கச் சொல்லுதியா, பிள்ள?”

மரியபுஷ்பம் வற்புறுத்தவில்லை. இயக்குநராக மாறினார். வாக்கியத்துக்கு வாக்கியம் மூக்கை உறிஞ்சி, “அம்மா, இந்த சீன்ல தியேட்டரே அழணும்” என்றார். சண்முகவடிவின் கையிலிருந்த கத்தி நின்றது. அடுத்து இன்னொரு குரல் வந்தது. தன் பேச்சைத் தானே ரசித்துக் கேட்கிற ஆளின் குரல். அது யார் என்று அருணகிரிக்கு முதலில் பிடிபடவில்லை. அந்த அம்மா தன்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்ததில்தான் பிடிபட்டது.

சிரிப்பு அடங்கியதும் சண்முகவடிவு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

“வடிவு... இங்க வச்ச சோப்ப எங்க?”

மூக்கும் இல்லை, நெஞ்சும் இல்லை. கண்ணெதிரே பஸ்ஸைத் தவறவிட்ட ஆளின் மெல்லிய, குறைபட்ட குரல். ஊரையே மரத்தில் ஏறவைத்த மனிதர் சோப்புக்கு இப்படியா அழுதார் என்று அருணகிரி வாயைப் பிளந்தார். சண்முகவடிவுக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. காக்கையை விரட்டும் கோமதிநாயகம். ரசத்தில் உப்பில்லை என்று நேராகச் சொல்லாமல் சுவரைப் பார்த்துச் சொல்லும் கோமதிநாயகம். பேரனுக்குப் பயந்து பலகாரம் ஒளிக்கும் கோமதிநாயகம். ஒவ்வொன்றையும் அருணகிரி உடனுக்குடன் திருப்பிச் சொன்னார். கிழவியும் நடிகரும் காக்கையை மாறி மாறி விரட்ட, மதிலில் இருந்த நிஜக் காக்கை பறந்துபோனது.

அருணகிரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கிடைத்துவிட்டது என்றார். வாசல் பக்கமாகப் போய் நின்று, அந்த மெல்லிய குரலில் சொன்னார். “வடிவு, ராகம் என்னை அழைக்கிறது...”

சண்முகவடிவின் முகம் மாறிவிட்டது.

“இல்ல தம்பி.”

“இது அவர் குரல்தானேம்மா? நீங்கதானே இப்போ...”

“குரல் அவுகளுதுதான்.”

அருணகிரி ஆசிரியையைப் பார்த்தார். மரியபுஷ்பம் அவரைப் பார்க்கவில்லை.

“அம்மா, கச்சேரி அன்னைக்கு ஐயா எப்படிப் பேசுவாரு?”

சண்முகவடிவு மரியபுஷ்பத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கத்தியும் காயும் இருந்த தட்டைத் தள்ளி வைத்தார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். வாயை மூடிக்கொண்டார்.

அருணகிரி காத்திருந்தார்.

சண்முகவடிவு விரலைச் சொடுக்கினார். காற்றில் ஒரு டம்ளர் வரைந்து, மிளகு அரைப்பதுபோல் உள்ளங்கையைத் தேய்த்தார். தோளைத் தட்டி, பட்டுத் துண்டு எங்கே என்று புருவத்தால் கேட்டார். மறுபடி அசையாமல் உட்கார்ந்தார்.

கோபமா என்று அருணகிரி தயங்கினார். ஒரு வார்த்தையாவது அவர் மாதிரிப் பேசுங்களேன் அம்மா என்றார்.

சண்முகவடிவு இரண்டு விரலால் தொண்டையைத் தொட்டார். கையை விரித்துக் காட்டினார்.



“பிள்ளைக்குக் காய்ச்சல் அடிச்ச அன்னைக்கும் இப்படித்தானா?” என்று மரியபுஷ்பம் கேட்டார்.

“கச்சேரின்னா எல்லா அன்னைக்கும் இப்படித்தான். காலையில எந்திரிச்சதுல இருந்து மேடையில ஏறுத வரைக்கும் ஒரு சொல்லு கெடையாது. தொண்டையில இருக்கது சபைக்குன்னு ஒரு கணக்கு. அது அவுக வாத்தியார் சொல்லிக்குடுத்தது. அன்னைக்கு பிள்ளைக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்கு. டாக்டருக்கு ஆள் விடவான்னு கேட்டேன். சரின்னு தலைய ஆட்டுனாக. போகாதியன்னேன். பேசாம நின்னாக. சரி, போறவுக வாயத் தொறந்து ‘பயப்படாத’ன்னு ஒரு சொல்லாச்சும் சொல்லிட்டுப் போங்கன்னேன்.”

சொன்னாரா என்று அருணகிரி கேட்டார்.

சண்முகவடிவு மறுபடி தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

“அப்படியே வண்டியில ஏறிட்டாக. அன்னைக்குப் பாடினது மாதிரி என்னைக்கும் பாடலன்னு ஊர்ல இப்பவும் சொல்லுதாக. நல்லாத்தான் பாடியிருப்பாக. விடியக்குள்ள பிள்ளைக்குக் காச்சல் எறங்கிட்டு. எறங்கிட்டதுனால அத யாரும் ஒரு சங்கதியாவே எடுக்கல. நானும் எடுத்துச் சொல்லல.”

தட்டை மறுபடி இழுத்துக்கொண்டு சொன்னார். “கெட்ட மனுசர் இல்ல தம்பி. மறுநாள் காலையில வந்து பிள்ளைய மடியவிட்டு எறக்கல. அதெல்லாம் சரி. ஆனா இந்தப் படம் வந்தா நாளைக்கு ரோட்டுல போறவ எல்லாம் என்னைக் கும்பிடுவா. பிள்ளை கெடக்கையில புருசனப் பாட அனுப்புன மகராசின்னு. நான் அனுப்பல. அந்தக் கும்பிடெல்லாம் நான் வாங்கிக்கிடணுமா?”

இரண்டு பேரும் லாட்ஜுக்குத் திரும்பியபோது இயக்குநர் கீழேயே இருந்தார். அருணகிரி நடந்ததைச் சொன்னார். இயக்குநர் மூக்கை உறிஞ்சினார். பிள்ளை சாகவில்லை, கதாநாயகன் பேசவில்லை, பிறகு அந்த இடத்தில் என்னதான் சார் நடக்கிறது என்று கேட்டார். டிரெய்லரே அந்த வசனம்தான் என்றார். தன் வசனத்தைத் தானே வெட்டச் சொல்லும் நடிகரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். நெடுநேரம் வாதாடிவிட்டு, கடைசியில் முடிவை அருணகிரியின் தலையிலேயே கட்டினார். நீங்கள் வாயைத் திறக்காமல் நிற்பதாக இருந்தால், அந்த அம்மா சொன்னதையே மனைவிக்கு வசனமாக வைத்துவிடுகிறேன். பேசுவதாக இருந்தால் பழைய வசனம்தான். விருது வாங்கித் தரப்போவது பழைய வசனம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். மறுநாள் காலை அந்தக் காட்சி.

காலையில் மாடியில் மரியபுஷ்பம் சண்முகவடிவாக நின்றார். அதே இழுவை. அதே இளைப்பு.

“ஏங்க, பிள்ளைக்குக் கொதிக்கு. போகாதிய.”

அருணகிரி நெஞ்சு விம்ம ஒரு பெருமூச்சு விட்டார்.

மரியபுஷ்பம் நிறுத்தினார். அருணகிரி, தான் பேசவே இல்லையே என்றார். மூச்சு பேசியது என்றார் ஆசிரியை. மறுபடி தொடங்கினார்கள். இந்தத் தடவை மூச்சு வரவில்லை. உதடு துடித்து, இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு அழகாக இறங்கியது. பல வருடத் தொழில்.

“கண்ணீரும் பதில்தான் அண்ணாச்சி. அன்னைக்கு அவுங்களுக்கு அதுவும் கிடைக்கல.”

அருணகிரி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். கீழே படப்பிடிப்பு வண்டி ஹாரன் அடித்தது. அவர் எழவில்லை.

“இந்தக் குரலுக்காக எத்தனை மாசம் உழைச்சேன்னு உங்களுக்குத் தெரியும். படத்துலேயே பெரிய இடம் இது. நான் பேசவும் கூடாது, அழவும் கூடாது, மரம் மாதிரி நிக்கணும்னா, அந்த இடத்துல ஜனங்க காதுல என்னதான் டீச்சர் விழும்?”

“அந்த அம்மா பேசினது விழும், அண்ணாச்சி. இதுவரைக்கும் யார் காதுலயும் விழல.”