இலுப்பைப் பட்டையில் மஞ்சள்

மலையடிவாரத்து மடத்தில் அடிகளுக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் சபாபதிக்கு அறுபது கடந்துவிட்டது. கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றபின் மடத்துக்கு வந்தவர்.

மடத்தின் எதிரில் ஓர் இலுப்பை மரம். அதன் பட்டையில் மஞ்சளாக ஏதோ பொருக்குத்தட்டிப் படர்ந்திருந்தது. பல வருடங்களாக இருந்ததுதான். அந்த ஆடியில்தான் யாரோ அதைக் கண்டார்கள். ஆத்தா மஞ்சள் பூசிக்கொண்டாள் என்று ஊர் கூடிவிட்டது.

ஒரு காலையில் பவுனாம்பாள் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பையனின் கண்கள் மஞ்சளித்துக் கிடந்தன. கூப்பிட்டால் திரும்பவில்லை. அவள் தேங்காய்ச் சிரட்டையால் பட்டையைச் சுரண்டி வாழையிலைத் துண்டில் சேர்த்தாள்.

சபாபதி ஓடிவந்தார். "என்னம்மா பண்ற?"

"புள்ளைக்குக் காமாலை, வாத்தியாரய்யா. ஆத்தா மஞ்சளக் குடுத்தா எறங்கிடும்."

"இது மஞ்சள் இல்ல. லைக்கன். பாசியும் பூஞ்சையும் ஒண்ணாச் சேர்ந்து பட்டைமேல வளர்றது. பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ."

பூசாரி மாசிலாமணி சிரித்தார். "வாத்தியார் ஆத்தாளுக்கே பேரு வைக்க வந்துட்டாரு!"

கூட்டமும் சிரித்தது. சபாபதிக்கு முகம் சுண்டியது. அடிகள் மடத்து வாசலில் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா என்ன ஆகும், சொல்லுங்க?" என்று பூசாரியைக் கேட்டார்.

"செவக்கும். ஆரத்தி கரைக்காத வீடு இருக்கா?"

"இது செவக்காது. இப்பவே காட்டறேன். செவக்கலேன்னா இவ ஆஸ்பத்திரிக்குக் கெளம்பணும்."

"செவந்துட்டா?"

"செவந்துட்டா அவளே ஊட்டட்டும். நான் தடுக்கல."

பூசாரியின் சுண்ணாம்பு டப்பாவை வாங்கி, தண்ணீரில் கரைத்து, மரத்தில் ஊற்றினார்.

மஞ்சள் கறுத்துச் சிவந்தது. ரத்தம் மாதிரி ஒழுகியது.

குலவை எழுந்தது. பெண்கள் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். பூசாரியே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சபாபதிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மஞ்சள் லைக்கனில் சுண்ணாம்புக்குச் சிவக்காத வகை ஒன்று, சிவக்கும் வகை ஒன்று. இரண்டையும் பிரித்துக் கண்டுபிடிக்க அதுதான் வழி. வகுப்பு வகுப்பாக அவரே சொல்லிக்கொடுத்தது. இது எந்த வகை என்று பார்க்கவே இல்லை.

"இதுலயும் செவக்கறது உண்டு... கேளுங்க..." என்றார். யாரும் கேட்கவில்லை.

பவுனாம்பாள் ஒரு சிட்டிகை எடுத்துப் பையனின் வாயருகே கொண்டுபோனாள்.

"பவுனு."

அடிகளின் குரல். அவள் கை நின்றது.

"ஆத்தா மூஞ்சியில பூசின மஞ்சளையா வழிச்ச?"

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "சாமி, எனக்குத் தெரியாம..."

அடிகள் இலையை வாங்கினார். பொடியைத் தண்ணீர்விட்டுக் குழைத்து, சுரண்டிய இடத்திலேயே அப்பினார். மரத்தடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார்.

"இனி இதுமேல ஒருத்தர் நகமும் படக்கூடாது. மாசிலாமணி, வண்டிய எடு. ஆத்தா காத்திருப்பா, புள்ள காத்திருக்காது. ஆஸ்பத்திரிக்கு ஓட்டு."

வண்டி போனது. கூட்டம் மெல்லக் கலைந்தது.

சபாபதி அங்கேயே நின்றார். "சாமி... அது மஞ்சள்னு நீங்களும் நம்பறீங்களா?"

"இல்ல. நீங்க சொன்னதுதான் அது."

"அப்ப பொய் சொன்னீங்களா? அத்தனை பேர் முன்னாடி? விழுந்து கும்பிட்டு?"

"ஆமா."

"உண்மையைச் சொன்னவன் நான், சாமி!"

அடிகள் கையில் ஒட்டியிருந்த சிவப்பைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"பொய்க்கு நான் பதில் சொல்லிக்கறேன், ஐயா. தோத்தா அந்தப் புள்ளைய எடுத்துக்கோன்னு பந்தயம் கட்டினீங்களே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"