அதனதன் வேகத்தில்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சிஷ்யைக்கு முப்பத்தாறு. குரு இருந்தது பிட்ஸ்பர்கில், சிஷ்யை இருந்தது நியூஜெர்சியில். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கழுத்துக்கு மேல் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். இந்தக் காலத்துக் குருகுலம் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் நடக்கிறது, என்ன செய்வது.

சிஷ்யையின் பெயர் மரகதவல்லி. எல்லாருக்கும் வல்லி. பொள்ளாச்சிப் பெண். ஒரு பரிசோதனைக் கூடத்தில், வருகிறவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை. டாக்டராக வேண்டும் என்பது பள்ளிக்கூடத்து ஆசை. அங்கே மார்க் பற்றவில்லை. கல்யாணம், விசா, குளிர் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. அமெரிக்கா வந்தபிறகும் இரண்டு தடவை மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். இரண்டு தடவையும் பழைய மார்க்கைப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கதவைச் சாத்தினார்கள்.

அப்புறம்தான் இந்தப் படிப்பு கண்ணில் பட்டது. உயிர் மருத்துவ அறிவியலில் முதுகலை, முழுக்க ஆன்லைன். மருத்துவக் கல்லூரிக்குப் போக நினைத்து வாசலில் நிற்கிறவர்களுக்கென்றே வைத்தது. இதில் நன்றாகத் தேறி, பாடம் நடத்தியவர் ஒரு பரிந்துரைக் கடிதமும் கொடுத்துவிட்டால், பழைய மார்க்கை அவ்வளவாகத் தோண்ட மாட்டார்கள். இதுவும் போனால் இனிமேல் டாக்டர் என்கிற பேச்சையே எடுப்பதில்லை என்று வல்லி முடிவு செய்திருந்தாள். அதைக் கணவன் திருமூர்த்தியிடம்கூடச் சொல்லவில்லை.

வேலை, வீடு, படிப்பு. மூன்றுக்கும் நாள் போதுமா? போதாது. அதற்கு எல்லா ஆன்லைன் மாணவர்களும் செய்கிற வேலையை வல்லியும் செய்தாள். பாடங்களை ரெண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டாள். அது மட்டுமில்லை, பேச்சுக்கு நடுவே வருகிற மௌனத்தையெல்லாம் தானாக வெட்டித் தள்ளுகிற ஒரு வசதியையும் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டாள். காய் நறுக்கும்போது சிறுநீரகம், துணி மடிக்கும்போது நரம்பு மண்டலம். ஒரு மணி நேரப் பாடம் அரை மணிக்குள் அடங்கிவிடும். கெட்டிக்காரிதான், யார் இல்லை என்றது.

குருவின் பெயர் ஜெபசிங். நாசரேத்துப் பக்கம். இதயம், ரத்த ஓட்டம் எல்லாம் அவர் பாடம். மாணவர்கள் தனியே சந்தேகம் கேட்கிற நேரத்தில் முதல்முறை அவரை நேரலையில் பார்த்தபோது வல்லி திடுக்கிட்டுப் போனாள். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மனுஷன் அப்படியே இருந்தார். பிறகு அடுத்த வாக்கியம். ஐயோ பாவம், உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். உடம்புக்கெல்லாம் ஒன்றுமில்லை. அவர் பேசுவதே அப்படித்தான். வல்லிதான் ஒரு வருஷமாக அவருடைய மௌனங்களை வெட்டி எறிந்துவிட்டுப் பாடம் கேட்டிருக்கிறாள்.

தமிழ் என்று தெரிந்த அன்றிலிருந்து அவளுக்கு அவர் சார், அவருக்கு அவள் அக்கா.

கடைசித் தேர்வில் இதய ஒலிகளின் பதிவுகளைக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் கேட்டு, இது நலமான இதயமா, நோயுற்றதா என்று எழுத வேண்டும். வல்லி துணிந்து எழுதினாள். முடிவு வந்தபோது தலையில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று. அந்தப் பகுதியில் ஒன்றுகூடச் சரியில்லை. ஞாபகத்துக்கு எட்டிய வரையில் அவள் எதையும் மாற்றி எழுதவில்லை. கேட்டதைத்தான் எழுதியிருந்தாள்.

சனிக்கிழமை காலை ஜெபசிங் அவளுக்கு நேரில், அதாவது திரையில், வாய்மொழித் தேர்வு வைப்பார். அதில் தேறினால் கடிதம். தேறாவிட்டால் கிடையாது.

வியாழக்கிழமை அவரைக் கூப்பிட்டாள். எந்தப் பாடத்தைத் திருப்பிப் படிக்கட்டும் என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். வாயில் வந்தது வேறு.

"சார், உண்மையைச் சொல்லுங்க. நான் டாக்டர் ஆவேனா?"

ஜெபசிங் தேர்வில் வந்த ஒரு பதிவைத் திரையில் போட்டார். இருவரும் கேட்டார்கள்.

லப்-டப் என்றது. பிறகு ஒன்றும் இல்லை. நின்றுவிட்டதோ என்று வல்லி முன்னால் சாய்ந்தாள். லப்-டப் என்றது. மறுபடி வெறும் அமைதி. அடுத்த துடிப்பு வருமா, வராதா என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"இந்த மனுஷனுக்கு நீங்க என்னன்னு எழுதியிருந்தீங்க அக்கா?"

பதிலை அவர் மெல்ல வாசித்துக் காட்டினார். சீரான துடிப்பு, பூரண நலம், வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதியிருந்தாள். அப்போதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. கம்ப்யூட்டரில் போட்டுவைத்த ரெண்டு மடங்கு வேகம் தேர்வன்றைக்கும் தன் வேலையைக் காட்டியிருக்கிறது. நல்ல இதயங்களெல்லாம் ரெண்டு மடங்கில் தறிகெட்டு ஓடின. அவற்றை நோயுற்றவை என்று எழுதிவிட்டாள். பாதி வேகத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரே ஒரு இதயம், ரெண்டு மடங்கில் ஜம்மென்று அடித்தது. அதை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

தேர்வில் நடந்தது என்பதால் யாரும் சாகவில்லை. ஆனாலும் வல்லிக்கு அழுகை வந்தது. கேமராவை அணைத்துவிடலாமா என்று பார்த்தாள். குரு அவள் மூக்கைத் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"சனிக்கிழமை வரைக்கும் பாடத்தைத் தொடாதீங்க. காதுல எது வந்து விழுந்தாலும் அதனதன் வேகத்துல, கடைசி வரைக்கும் கேளுங்க. ஒரே கேள்விதான் கேட்பேன். என்ன கேட்டுதுன்னு."

வல்லிக்கு எரிச்சல்தான் வந்தது. தேர்வுக்கு ஒரு நாள் இருக்கையில் புத்தகத்தை மூடு என்று சொல்கிற வாத்தியாரை அவள் கண்டதில்லை. வயசில் சின்னவர், விளையாடுகிறாரோ என்றுகூட நினைத்தாள். இருந்தாலும் கம்ப்யூட்டரிலிருந்து அந்த வேகத்தையும் மௌனம் வெட்டுகிற வசதியையும் எடுத்துவிட்டாள். புத்தகத்தை மூடிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புமுன், அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்திருந்தது. பொள்ளாச்சியில் அப்போது சாயங்காலம். அம்மா பூவாத்தாள் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறாள். தினமும் ஒரு பதிவு அனுப்புவாள். பால்காரன், தண்ணி மோட்டார், யார் வீட்டில் நிச்சயதார்த்தம் என்று அது பாட்டுக்குப் போகும். வல்லி பல் தேய்த்துக்கொண்டே அதையும் ரெண்டு மடங்கில் ஓடவிட்டு, விஷயம் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பாதியில் நிறுத்திவிட்டு, ஒரு சிரிப்பு முகத்தை அனுப்பிவிடுவாள். பாசம் இல்லாமல் இல்லை. நேரம்தான் இல்லை.

அன்றைக்கு சார் சொல்லியிருந்ததால் சாதாரண வேகத்தில் போட்டாள். கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள்.

"மோட்டார் ரிப்பேருங்... கண்ணு" என்றாள் அம்மா. நின்றாள். "கீழ இருந்து ஒரு குடம்..." மறுபடி நின்றாள். மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. "...தூக்கிட்டு வந்தனா, படியிலயே செத்த நேரம் உக்காந்துட்டேன்."

செய்தி மோட்டாரைப் பற்றியதுதான். ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் துண்டு துண்டாக வந்தது. அம்மா மூச்சுக்காகப் பேச்சை நிறுத்தி நிறுத்திப் பேசினாள். கடைசியில், வல்லி இத்தனை நாளும் போய்ச் சேராத அந்த இடத்தில், அம்மா கேட்டிருந்தாள். "சரி கண்ணு. நீ சாப்ட்டியா?"

வல்லி முந்தின நாள் பதிவைப் போட்டாள். அதிலும் மூச்சு நின்று நின்று வந்தது. கடைசியில் நீ சாப்ட்டியா. அதற்கு முந்தின பதிவிலும் அப்படியே. எத்தனை வாரமாக அம்மா இப்படி மூச்சு வாங்கிக்கொண்டே தன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள், தான் ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லை. வல்லி தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே அம்மாவைக் கூப்பிட்டாள்.

தலை சுற்றுகிறதா என்று கேட்டதற்கு, வயசானா சுத்தாதா என்றாள் அம்மா. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் விரலை வைக்கச் சொன்னாள் வல்லி. துடிக்கிற இடம் கிடைத்ததும், துடிக்கிறபோதெல்லாம், கதை கேட்கிற பிள்ளை மாதிரி ஒரு 'ம்' கொட்டச் சொன்னாள்.

"என்னடி விளையாட்டு இது" என்று சிரித்தாள் அம்மா. அப்புறம் கொட்டினாள்.

"ம்."

லைன் போய்விட்டது என்று வல்லி நினைத்தாள். போகவில்லை.

"ம்."

அந்த அமைதி அவளுக்குத் தெரியும். நேற்று குருவோடு உட்கார்ந்து கேட்ட அதே அமைதி. பூரண நலம், வீட்டுக்கு அனுப்பலாம் என்று தன் கையால் எழுதியது.

"ம். போதுமா கண்ணு?"

போதும்மா என்றாள் வல்லி. அந்தப் பதற்றத்திலும் அவசரப்படாமல், குடத்தைத் தொடாதே, படி இறங்காதே, கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அம்மாவை நாற்காலியோடு தூக்கி இறக்கி, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோகச் செய்தாள். இதயம் பாதி வேகத்தில்தான் அடிக்கிறது, இன்னும் சில நாள் போயிருந்தால் படியிலேயே விழுந்திருப்பார்கள் என்றார் அங்கிருந்த டாக்டர். பேஸ்மேக்கர் வைக்க வேண்டும், சனிக்கிழமை மத்தியானம் செய்துவிடலாம் என்றார்.

சனிக்கிழமை காலை வல்லி திரைக்கு முன்னால் உட்கார்ந்தபோது அவள் ஒரு வரியும் படித்திருக்கவில்லை. தூங்கியும் இருக்கவில்லை. ஊரிலிருந்து இன்னும் சேதி வரவில்லை. திரையின் மூலையில் தேர்வு நேரம் குறைந்துகொண்டே போயிற்று.

"சொல்லுங்க அக்கா" என்றார் ஜெபசிங். "என்ன கேட்டுது?"

சொன்னாள். மோட்டார், குடம், நின்று நின்று வந்த மூச்சு, 'ம்' கொட்டினது, இரண்டு 'ம்'முக்கு நடுவே இருந்த அமைதி, அது எதனால் அப்படி இருக்கும் என்று தான் நினைத்தது, எதைச் செய்யச் சொன்னது, எதைச் செய்யக்கூடாது என்றது. இடையில் இரண்டு தடவை நின்றுவிட்டாள். குரு ஒரு சொல்லைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் முகம் திரையில் உறைந்துவிட்டதோ என்றுகூடச் சந்தேகமாக இருந்தது. இல்லை, கண் சிமிட்டினார். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது மேஜைமேல் போன் அதிர்ந்தது. அம்மாவின் குரல் பதிவு. நீளமான பதிவு.

வல்லி ஒரு கணம் போனைப் பார்த்தாள், மூலையில் ஓடுகிற நேரத்தைப் பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மாதான் சார். தேர்வு முடியட்டும், அப்புறம் கேட்டுக்கிறேன்."

"இப்பவே போடுங்க. நானும் கேட்கிறேன்."

போட்டாள். சாதாரண வேகத்தில்.

ஆபரேஷன் முடிந்துவிட்டதாம். வலியே இல்லையாம், எறும்பு கடித்த மாதிரிதானாம். நர்ஸ் உடுமலைப் பிள்ளையாம், தங்கமான குணமாம். ஆஸ்பத்திரி ரசம் வாயில் வைக்க விளங்கவில்லையாம், கீழ்வீட்டுக்காரம்மா நாளைக்கு வீட்டு ரசம் கொண்டு வருகிறாளாம். தண்ணி மோட்டாரை இன்னும் சரி செய்யவில்லையாம், அந்தப் பிளம்பர் வரட்டும், அவனுக்கு இருக்கிறது. எல்லாம் ஒரே மூச்சில். எங்கேயும் நிற்கவில்லை. வாக்கியத்தை வாக்கியம் பிடித்துக்கொண்டு ஓடியது.

வல்லி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நிம்மதியில் வந்த அழுகை, அதை நிறுத்த அவள் முயலவில்லை. பதிவு அது பாட்டுக்குப் பேசி முடித்தது. கடைசியில் வழக்கம்போல ஒரு கேள்வி வந்தது. திரையின் மூலையில் நேரம் எப்போதோ தீர்ந்திருந்தது.

"நேரம் போயிடுச்சு சார்" என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இன்னும் எவ்வளவோ கேட்கவேண்டியிருக்குமே."

ஜெபசிங் ஒன்றும் சொல்லவில்லை. முன்பெல்லாம் என்றால் வல்லி அந்த இடைவெளிக்குள் நாலு வார்த்தை பேசியிருப்பாள். இப்போது அவளும் பேசாமல் இருந்தாள். வெளியே யாரோ கார் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அவர் தன் நேரத்தில் வாய் திறந்தார்.

"எனக்கு வேற கேள்வி இல்லை அக்கா. அம்மாதான் ஒண்ணு கேட்டிருக்காங்க, சாப்பிட்டீங்களான்னு. முதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க."