முதலாளி முன்னால் போகட்டும்

ராணுவம் கழித்துப்போட்ட லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து, கொல்லிமலையில் மரம் ஏற்ற விட்டிருந்தார் காளியண்ணன். அதை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் செங்கோடன்தான். பாரம் ஏற்றி முடித்த பிறகு அவன் சொன்னான்:

"பிரேக் நாலு மிதி மிதிச்சாத்தான் பிடிக்குது. அதோட மாஸ்டர் சிலிண்டர் மாத்தாம வண்டிய மலையில இருந்து இறக்க முடியாதுங்க முதலாளி."

"சண்டைக்குப் போன வண்டிடா இது! அதுக்கென்ன கேடு? பயமா இருந்தா சாவியைக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போ. வேற ஆள் ஓட்டுவான்."

சுமைக்காரர்கள் சிரித்தார்கள். செங்கோடன் சாவியோடு லாரியில் ஏறி உட்கார்ந்தான்.

"நீங்க சொன்னாச் சரிதானுங்க. எப்பவும்போல முன்னால போங்க. பின்னாலயே வர்றேன்."

மலை இறங்கும்போது தன் கார் முன்னால் போக, லாரி பின்னால் வரவேண்டும் என்பது காளியண்ணன் வைத்திருந்த வழக்கம். காரில் ஏறியவர் கண்ணாடியில் பார்த்தார். மரம் நிறைந்த லாரியின் மூக்கு கண்ணாடி முழுக்கத் தெரிந்தது. மெதுவாக இறங்கி வந்தார்.

"இன்னிக்கு நீ முன்னால போடா."

"முதலாளிக்கு முன்னால நான் போறதா? மரியாதையா இருக்குமுங்களா?"

சுமைக்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். காளியண்ணன் தொண்டையைச் செருமினார்.

"அந்தச் சிலிண்டர் எங்கடா கிடைக்கும்?"

"நாமக்கல்லுலங்க. நீங்க முன்னால போய் வாங்கிட்டு வாங்க. நான் சக்கரத்துக்குக் கட்டை வெச்சுட்டு இங்கயே இருக்கறேன்."