ஒரு சிட்டிகை மூலக்கூறு

பூவலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய ஆசிரியை ஜெபக்கனிக்கு நாற்பத்தாறு. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த பூவலிங்கம் தாமதமாகத்தான் ஆராய்ச்சிக்கு வந்தார். பட்டம் வாங்கி, ஆசிரியையின் துறையிலேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டார். ஆனாலும் ஜெபக்கனியின் அறைக்குள் நுழையும்போது இன்றைக்கும் செருப்பை வாசலில்தான் விடுவார்.

இருவருக்கும் கோட்பாட்டு வேதியியல். மூலக்கூறுகளைக் கையால் தொடாமல், கணினியில் கணக்குப் போட்டே 'இது நிலைக்கும், இது நிலைக்காது' என்று சொல்லுகிற வேலை. அமில நாற்றம் கிடையாது, சட்டையில் ஓட்டை விழாது. மாடியிலிருக்கும் சோதனைக்கூடத்துக்கு இவர்கள் ஏறிப்போவதும் கிடையாது.

பூவலிங்கத்தின் கட்டுரை ஒன்று உலகமெல்லாம் சுற்றியது. இதுவரை யாரும் செய்திராத ஒரு மூலக்கூறு, செய்தால் நிலைத்து நிற்கும் என்றது அவர் கணக்கு. ஆயிரம் கட்டுரைகளுக்குமேல் அதை மேற்கோள் காட்டின. எழுதியவர்களில் பாதிப் பேர் அதைப் படித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயரைப் போடுவதுபோல முதல் பத்தியில் இவர் பெயரைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். மேற்கோள் நூறைத் தாண்டினால் துறைக்கே இனிப்பு வாங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆயிரம் தாண்டியபோது பூவலிங்கம் மாடிக்கும் சேர்த்து ஜாங்கிரி வாங்கினார்.

ஒருநாள் காலையில் முகம் வெளுத்து வந்து நின்றார்.

"மேடம், அந்தக் கணக்கு தப்பு."

ஜெபக்கனி பேனாவை மூடினார். "எங்கே தப்பு?"

"அதிர்வு எல்லாத்தையும் சரிபார்க்காம அனுப்பிட்டேன். அப்போ பெரிய கம்ப்யூட்டர்ல நமக்கு நேரம் கிடைக்கல. நேத்து சும்மா திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒண்ணு மைனஸ்ல வருது."

மைனஸில் வந்தால் கதை முடிந்தது. குழிக்குள் கிடப்பதாகச் சொன்ன கோலிக்குண்டு, உண்மையில் மேட்டு உச்சியில் நிற்கிறது என்று அர்த்தம். அந்த மூலக்கூறு உருவான கையோடு உருண்டு வேறொன்றாகிவிடும்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் உங்களுக்கும்தான்."

"என்ன செய்யப்போறீங்க?"

"அடுத்த மாசம் பேராசிரியர் பதவிக்கு இன்டர்வியூ. அந்த ஒரு கட்டுரைய நம்பித்தான் கூப்பிட்டிருக்காங்க. அது போச்சுன்னா எங்கிட்ட என்ன இருக்கு?" என்றார் பூவலிங்கம். "ஆயிரம் பேர் ஏத்துக்கிட்டது மேடம். ஒருத்தர்கூட கேள்வி கேக்கல. அது அப்படியே கிடந்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

ஜெபக்கனி மேசை இழுப்பறையைத் திறந்து சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்தார்.

"மாடியில நிலோஃபர்னு ஒரு பொண்ணு ஆராய்ச்சி பண்ணுது. அதுகிட்ட உங்க மூலக்கூறுல ஒரு சிட்டிகை வாங்கிட்டு வாங்க."

"அதைச் செய்யவே முடியாதுன்னுதானே மேடம் சொல்றேன்!"

"கேட்டுப் பாருங்க."

பூவலிங்கம் படியேறினார். கதவைத் தள்ளியதுமே நெடி மூக்கில் ஏறியது. ஹீட்டர்மேல் கொதித்துக்கொண்டிருந்த குடுவையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் பதறி எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"சார், நீங்களா? உக்காருங்க சார்."

அவர் உட்காரவில்லை. குப்பியை நீட்டி, வந்த விஷயத்தைச் சொன்னார்.

நிலோஃபரின் முகம் சுருங்கியது. "இன்னும் வரல சார். நாலு வருஷமாச்சு. வந்த மாதிரியே இருக்கும், எடுத்துப் பார்த்தா வேற ஏதோ ஆயிருக்கும். பெருநாளைக்கு உம்மா வரச்சொன்னாங்க. இதைக் கொதிக்க விட்டுட்டு எப்படி சார் போறது?"

"இதுவரைக்கும் கட்டுரை ஏதாவது எழுதியிருக்கியாம்மா?"

"எதை வச்சு சார் எழுதுறது?" என்றவள், அவர் தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று அவசரமாகச் சொன்னாள்: "உங்க கணக்கு சரியாத்தான் சார் இருக்கும். ஆயிரத்துக்கு ஜாங்கிரி சாப்பிட்டோமே! என் கைதான் சரியில்ல."

பூவலிங்கம் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். வெட்கம் விடவில்லை. தலையை ஆட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

காலிக் குப்பியை ஜெபக்கனியின் மேசைமேல் வைத்தார்.

"அந்தப் பொண்ணு என்னை ஒரு தடவைகூட மேற்கோள் காட்டினதில்ல மேடம்."

"ஆமா. நீங்க சொன்னதைச் செஞ்சு மட்டும்தான் பார்த்தா."

மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பிடுறேன்" என்றார் பூவலிங்கம். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே, "இன்டர்வியூ முடிஞ்சதும் அனுப்புறேனே மேடம். ஒரு மாசம்தானே?"

"தாராளமா."

ஜெபக்கனி குப்பியை எடுத்து மறுபடியும் அவர் கையில் கொடுத்தார்.

"மேல போய், 'இன்னும் ஒரு மாசம் காய்ச்சும்மா'ன்னு மட்டும் அவகிட்ட சொல்லிட்டு வந்துடுங்க."