முசார்

காரைக்காலில் வைத்தியலிங்கம் என்றொரு தையற்காரர் இருந்தார். ஊசியில் நூலைக் கோத்துவிட்டு, தைக்க மறந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். சைகோனில் சிப்பாயாக இருந்து திரும்பிய அவருடைய மாமனார் அவரை 'முசார்' என்றுதான் கூப்பிடுவார். பழைய பிரெஞ்சுச் சொல். நின்ற இடத்திலேயே தன்னை மறந்து கனவில் ஆழ்கிறவன் என்று பொருள்.

வைத்தியலிங்கமும் கேட்டுச் சிரித்துக்கொள்வார்.

ஒரு மாலை பள்ளியிலிருந்து மகளை அழைத்து வந்தவர், வீட்டு வாசலில்தான் திரும்பிப் பார்த்தார். மகள் இல்லை. வந்த வழியே ஓடினார். அரசலாற்றுப் பாலத்தில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள் கோமளா.

அன்று இரவு அவர் மனைவி சாப்பிடவில்லை. அவரோடு பேசவும் இல்லை.

மறுநாள் காலை வைத்தியலிங்கம் தன் குரு ஞானமணி அம்மாளிடம் போனார். அக்கரையில் நாணலுக்கு நடுவே அம்மாளின் குடில். அம்மாள் அவரைவிட வயதில் இளையவர். ஆற்றின் மேல் இன்னும் பனி கலையவில்லை.

"அம்மா, என் மனசு என்னை விட்டு எங்கேயோ போய்விடுகிறது. அதைக் கட்டிப்போட வேண்டும்."

"எங்கே போகிறது?"

"தெரியவில்லை. திரும்பி வந்த பிறகுதான் போனதே தெரிகிறது."

"நேற்று?"

"ஆற்றுக்கு மேலே ஒரு மேகம். தண்ணீரிலும் அதே மேகம். இரண்டும் மெல்ல மெல்லப் போயின. நானும் கூடவே... பிள்ளை ஆற்றில் விழுந்திருந்தால்?"

"இன்றைக்கும் நீங்களே அவளை அழைத்துப் போங்கள். நாளைக்கு வாருங்கள்."

அன்று மாலை வைத்தியலிங்கம் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். நிமிர்ந்தே பார்க்கவில்லை. வீடு வந்து சேர்ந்ததும்தான் மூச்சு விட்டார்.

மறுநாள் காலை முகம் மலர்ந்து வந்தார்.

"ஜெயித்துவிட்டேன் அம்மா! மனசு ஒரு நொடிகூட அசையவில்லை. பிடித்த கையை விடவே இல்லை."

"நல்லது. வழியில் கோமளா என்ன பேசினாள்?"

வைத்தியலிங்கம் யோசித்தார்.

"ஏதோ சொல்லிக்கொண்டுதான் வந்தாள். பாலத்தில் ஒருமுறை கையைப் பிடித்து இழுத்தாள். எதையோ காட்டினாள் போலிருக்கிறது. நான்தான், அவள் கை நழுவிவிடக் கூடாதே என்று, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு..."

"அப்படியானால், நேற்றும் அவள் தனியாகத்தான் வந்திருக்கிறாள்" என்றார் அம்மாள்.