அளவுக் கோரையைத் தின்றவள்

வெட்டுக்கிளிகளும் வாய்விட்டு வழக்காடிய அந்தக் காலத்தில், கரையில் இருந்தவையும் கடல் நடுவே தீவில் இருந்தவையும் ஒரே இனம்தான். பெண் கொள்வதும் கொடுப்பதும் தங்களுக்குள்ளேதான். ஆனால் சட்டம் மட்டும் கரைக்காரர்களுடையது. ஆடி மாதம் கரையிலிருந்து பெரிய மாமன் வருவார். ஒரு கோரைத் துண்டைப் பெண்ணின் சிறகோரம் வைத்துப் பார்ப்பார். அளவுக்கு நீண்டிருந்தால், அவள் தன் சிறகாலேயே கடல் தாண்டி மாப்பிள்ளை வீடு போக வேண்டும். குறைந்தால், "அரைச்சிறகு! தீவிலேயே கிடக்கட்டும்."

செங்காலி அரைச்சிறகுக்காரி. அவள் அக்காவுக்கு நீள்சிறகு. போன ஆடியில் அக்கா கிளம்பினாள். கச்சான் என்கிற மேல்காற்று அவளைக் கடலில் அறைந்தது. ஒற்றைச் சிறகுதான் தீவுக்குத் திரும்பி ஒதுங்கியது.

இந்த ஆடியில் மாமன் செங்காலியின் தங்கை மின்னியின் சிறகில் கோரையை வைத்தார்.

"பலே! இம்மி குறையவில்லை. நாளைக்கே கிளம்பம்மா."

மின்னி செங்காலியின் பின்னால் ஒதுங்கினாள். செங்காலிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"மாமா, ஒரு கேள்வி."

"அரைச்சிறகுக்கெல்லாம் கேள்வியா?"

"அரைதான் கேட்கிறேன், முழுசாகப் பதில் சொல்லுங்கள். நீங்கள் இங்கே எப்படி வந்தீர்கள்?"

மாமன் தொண்டையைச் செருமினார். "வள்ளத்தில்தான்... வலைக்கடியில் ஒண்டிக்கொண்டு. காற்று கொஞ்சம் பலம், பார்."

"ஓகோ! எங்களைவிட ஒன்றரை மடங்கு சிறகு உங்களுக்கு. உங்களுக்குக் காற்று பலம். என் அக்காவுக்கு மட்டும் தென்றலா?"

"வாயை மூடு! இது முன்னோர் வைத்த அளவு."

"அந்த முன்னோர் எங்கள் காற்றை அளந்தார்களா?"

கேட்ட வேகத்தில் கோரையைப் பிடுங்கினாள். கறுக்முறுக்கென்று கடைசி நார் வரை மென்று விழுங்கினாள்.

"அடிப்பாவி! இனி எதை வைத்து அளப்பேன்?"

"அளக்கவே வேண்டாம். இனி இங்கே உங்களுக்குப் பெண்ணும் இல்லை. வேண்டுமானால் உங்கள் பிள்ளைகள் பறந்து வரட்டும்!"

ஒருவனும் வரவில்லை. மின்னி பக்கத்துப் புதர் அரைச்சிறகனைக் கட்டிக்கொண்டு நூறு முட்டையிட்டாள். பிறந்ததில் நீள்சிறகு முளைத்தவர்களைக் காற்று வாரிக்கொண்டு போனது. மண்ணைப் பற்றிய குறுஞ்சிறகுகள் பிழைத்தன. தலைமுறைக்குத் தலைமுறை சிறகு சுருங்கியது, கால் தடித்தது, நிறம் மணலானது.

அந்தக் கோரை செங்காலி வயிற்றுக்குள் போன நாளிலிருந்துதான் தீவு வெட்டுக்கிளி பறப்பதில்லை, தாவுகிறது. எப்போதாவது புயலில் வந்து விழுகிற கரை மாப்பிள்ளை, "நாமெல்லாம் ஒரே இனமாச்சே!" என்று எவ்வளவு பாடினாலும், மின்னியின் பேத்திகளின் காதில் அது பாட்டாகவே விழுவதில்லை. பின்னங்கால் மணலை உதறிவிட்டுத் தாவிப் போய்விடுகிறார்கள்.